செம்முத்திரைப் படலம்: கொங்கு நாட்டுச் சைனா விசா குறித்த ஓர் ஆராய்ச்சி

கொங்கு நாட்டை ஆராய்ந்தவர்கள் கொடுமணலில் கிடைத்த மணிகளை எண்ணியிருக்கிறார்கள். காங்கேயம் காளையின் திமிலை அளந்திருக்கிறார்கள். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கிரைண்டர் மோட்டாருக்கு உதிரி பாகமும், பனியனுக்கு ஜிப்பும், தறிக்கூடத்துக்குப் புது மிஷினும் தேடிக் கிழக்கே பறக்கிறவர்கள், பறப்பதற்கு முன் இருக்கும் விரதத்தைப் பற்றி ஓர் ஆய்வேடும் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த விரதத்தின் பெயர் சைனா விசா. இக்கட்டுரை அந்தக் குறையைத் தீர்க்க வந்தது. ஆய்வுப் பரப்பு மேட்டுப்பாளையம் முதல் பொள்ளாச்சி வரை, வாளையார் முதல் கரூர் வரை. ஆய்வுக்கூடம், அவினாசி ரோட்டிலோ திருப்பூர் குமரன் ரோட்டிலோ மாடிப்படி ஏறிப் போகும் ஏதாவது ஒரு டிராவல்ஸ் ஆபீஸ்.

ஆய்வின் கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடலாம். விசா விண்ணப்பத்தோடு எத்தனை தாள் வைத்தாலும் கணக்கில் வருவது ஒரு தாள்தான். அந்தத் தாளிலும் கணக்கில் வருவது ஒரு வட்டம். அழைக்கும் சீனக் கம்பெனியின் கடிதத்து அடியில், நடுவே ஐந்துமுனை நட்சத்திரம் வைத்து, சிவப்பு மையில் குத்தியிருக்கும் முத்திரை அது. மற்றவை எல்லாம் அதற்கு எழுதிய உரைகள்.

இனி வரலாறு. இந்தத் துறையின் மூத்த முன்னோடி எதிர்த்திசையில் பயணம் செய்தவர். யுவான் சுவாங் 629 வாக்கில் தாங் பேரரசின் பயணத் தடையை மீறி, அனுமதிச் சீட்டு இல்லாமலே எல்லை தாண்டினார். காஞ்சிபுரம் வரை வந்தார். 645-ல் மூட்டை மூட்டையாக ஓலைச்சுவடிகளோடு திரும்பியபோது அதே பேரரசின் மன்னர் அவரை மரியாதையோடு வரவேற்றார். இந்த வழி இப்போது செல்லாது என்று எச்சரிப்பது ஆய்வாளரின் கடமை.

சோழர்கள் முறைப்படி போனார்கள். இராசராசன் அனுப்பிய தூதுக்குழு 1015-ல் சொங் பேரரசரின் அவைக்குப் போய்ச் சேர்ந்தது. புறப்பட்ட இடத்திலிருந்து குவாங்சௌ துறைமுகத்தை எட்ட 1,150 நாள் பிடித்ததாகச் சீனர்களின் அரச வரலாறு குறித்து வைத்திருக்கிறது. இன்று திருப்பூர்க்காரர் கேன்டன் ஃபேர் என்ற வணிகக் கண்காட்சிக்குப் போகும் ஊரும் அதே குவாங்சௌதான். நாலு வேலை நாளில் வரவேண்டிய விசா ஆறு நாள் ஆகிவிட்டது என்று டிராவல்ஸ்காரரிடம் சத்தம் போடுகிறவர்கள் அந்த 1,150-ஐ ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

1077-ல் குலோத்துங்கன் அனுப்பிய குழுவில் 72 பேர். கண்ணாடிச் சாமான், கற்பூரம், யானைத் தந்தம் என்று காணிக்கை கொண்டு போனார்கள். பதிலுக்குப் பேரரசர் கொடுத்தது 81,800 சரம் செப்புக் காசு. அதாவது அக்காலத்தில் சீனாவுக்குப் போகிறவருக்குச் சீனா பணம் கொடுத்தது. கட்டணம் எந்த நூற்றாண்டில் திசை மாறியது என்பது தனி ஆய்வுக்கு உரிய பொருள். அந்த 72 பேரில் ஒரு கொங்கு நாட்டார் இருந்திருந்தால், தலைக்கு எத்தனை சரம் என்ற கணக்கு ஏதாவது ஒரு கோயில் சுவரில் கட்டாயம் வெட்டப்பட்டிருக்கும்.

ஆனால் இந்தத் துறைக்கு அடிக்கல் சீனாவிலேயே கிடைத்திருக்கிறது. ஃபூஜியன் மாகாணத்துச் சுவான்சௌ நகரில் கண்டெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு, சக ஆண்டு 1203, சித்திரை மாதத்தைச் சேர்ந்தது. நம் கணக்கில் 1281 ஏப்ரல். சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே ஒரு சிவன் கோயிலில் இறைத் திருமேனியை எழுந்தருளச் செய்தார் என்பது செய்தி. கான் உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்பது நோக்கம். அப்போது ஆட்சியில் இருந்தவர் குப்லாய் கான். விசா ஆய்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இதெல்லாம் கானின் பர்மான்படி, அதாவது ஆணைப்படி, நடந்தது என்று கல்வெட்டே சொல்கிறது. அனுமதி, நோக்கம், அழைத்த தரப்பு, தேதி என நான்கும் ஒரே கல்லில். இன்றைய அழைப்புக் கடிதத்தில் தூதரகம் கேட்பதும் ஏறக்குறைய இவற்றைத்தான்.

சம்பந்தப் பெருமாளுடையது எந்த வகை விசா என்பதில் கருத்து வேறுபாடு வரலாம். வணிகர் கூட்டத்தோடு இருந்ததால் வணிகத்துக்கான M என்பார்கள் ஒரு சாரார். கோயில் வேலை என்பதால் வேலைக்கான Z என்பார்கள் மறுசாரார். சாமி கும்பிடப் போனவருக்குச் சுற்றுலாவுக்கான L போதும் என்று மூன்றாவதாக ஒருவர் சொல்லக்கூடும். அவர் பெரும்பாலும் கட்டணத்தை மிச்சம் பிடிப்பதில் கெட்டிக்காரராக இருப்பார். இதைவிட முக்கியமான செய்தி வேறு. அதே சுவான்சௌ இன்று வட்டப் பின்னல் மிஷின்களுக்குப் பேர்போன ஊர்களில் ஒன்று. பனியன் துணி பின்னுவது அந்த மிஷின்தான். 1281-ல் சிவனுக்காகத் தமிழர் அனுமதி வாங்கிய ஊருக்கு இப்போது நிட்டிங் மிஷின் பார்க்கத் தமிழர் அனுமதி வாங்குகிறார். கோரிக்கை மாறியிருக்கிறது, அனுமதி தரும் பக்கம் மாறவில்லை.

இன்றைய நடைமுறைக்கு வருவோம். வணிகத்துக்காகப் போகிறவருக்கு M, சுற்றுலாவுக்கு L, நீண்ட படிப்புக்கு X1, வேலைக்கு Z. கொங்கு நாட்டில் பெருவழக்கு M. அதற்கு வேண்டியது சீன வணிகப் பங்காளியிடமிருந்தோ கண்காட்சி அமைப்பாளரிடமிருந்தோ வரும் அழைப்புக் கடிதம். போகிறவரின் பெயர், பால், பிறந்த தேதி, எதற்கு வருகிறார், எப்போது வந்து எப்போது போவார், எந்தெந்த ஊர், செலவு யாருடையது, அழைப்பவரின் முகவரி, தொலைபேசி, கையெழுத்து, முத்திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

முத்திரையைப் பற்றி இங்கே சற்று விரிவாகப் பேசியாக வேண்டும். சீனாவில் கம்பெனி முத்திரை காவல்துறையில் பதிவாகும் பொருள். முதலாளியின் கையெழுத்தைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம். அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர் கையில்தான் கம்பெனி இருக்கிறது என்று நீதிமன்றம் வரை போய்ச் சண்டை நடந்திருக்கிறது. கொங்கு நாட்டு மரபு இதற்கு நேரெதிர். இங்கே ரப்பர் ஸ்டாம்ப் என்பது பஸ் ஸ்டாண்டு பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் காலையில் சொல்லி மாலையில் வாங்குவது. மை ஊதா. யார் வேண்டுமானாலும் எடுத்துக் குத்தலாம்; கடைப்பையன் குத்தினாலும் செல்லும். ஏனென்றால் இங்கே வியாபாரத்தை ஸ்டாம்ப் நடத்துவதில்லை, வாய்ச்சொல் நடத்துகிறது. நூல் மில்லுக்கும் நிட்டிங்காரருக்கும் இடையே லட்சக்கணக்கில் சரக்கு ஒரு போன் பேச்சில் கைமாறும். “அனுப்பீருங்க, பாத்துக்கலாமுங்க” என்பதுதான் ஒப்பந்தத்தின் முழு வாசகம். அப்படிப்பட்டவர் தன் நம்பகத்தைத் தாளில் நிரூபிக்க, பார்த்தே இராத ஒருவரின் சிவப்பு வட்டத்துக்காகக் காத்திருக்கிறார். இந்த ஆய்வில் கண்ட மிகப்பெரிய பண்பாட்டு முரண் இதுதான்.

கடிதம் வரும் வழியும் ஆய்வுக்கு உரியது. வீசாட் செயலியில்தான் முன்பெல்லாம் எல்லாப் பேச்சும். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது வீசாட்டும் போனது. இப்போது வாட்ஸ்அப்பில் பேசுகிறார்கள். வாட்ஸ்அப் சீனாவில் முடக்கப்பட்டிருக்கிறது. ஆக, ஒரு நாட்டில் தடையான செயலியை விட்டுவிட்டு, மறு நாட்டில் தடையான செயலிக்கு மாறியிருக்கிறார்கள். அங்கே இருக்கும் விற்பனைப் பெண் ‘செர்ரி’ என்றோ ‘சிண்டி’ என்றோ பெயர் வைத்துக்கொண்டு, வேலி தாண்டி வந்து, கடிதத்தை அனுப்புகிறார். வணிகம் நின்றபாடில்லை.

செர்ரி கொங்கு நாட்டுப் பெயரை எழுதும் இடத்தில் முதல் இடறல். பழனிசாமி என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் ஐந்தாறு எழுத்துக்கூட்டு உண்டு. பாஸ்போர்ட்டில் ஒன்று, விசிட்டிங் கார்டில் ஒன்று, ஜி.எஸ்.டி. சான்றிதழில் ஒன்று. செர்ரிக்குக் கிடைத்தது விசிட்டிங் கார்டு. இதற்கு மேல் குடும்பப் பெயர் என்ற கட்டம். நமக்கு இருப்பது தகப்பனார் பெயரின் முதல் எழுத்து. பாஸ்போர்ட் ஆபீஸ் அதைச் சிலருக்கு விரித்து எழுதியது, சிலருக்குக் கட்டத்தையே காலியாக விட்டது. அழைப்புக் கடிதத்தில் மகனுக்குப் பதிலாகத் தகப்பனார் அழைக்கப்பட்டிருப்பதும், கடிதத்தைத் திருத்தி மறுபடி முத்திரை குத்தி வாங்குவதற்குள் ஒரு வாரம் போவதும் டிராவல்ஸ் ஆபீஸ்களில் அன்றாடக் காட்சி.

அடுத்து புகைப்படம். சீன விசாவுக்கு 33 மில்லிமீட்டர் அகலம், 48 மில்லிமீட்டர் உயரம். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 35-க்கு 45. அமெரிக்காவுக்கு இரண்டு அங்குலச் சதுரம். ஒரே முகம் நாட்டுக்கு நாடு ஒட்டியும் நீண்டும் பரந்தும் போவதை மானிடவியலார் இன்னும் கவனிக்கவில்லை. ஸ்டுடியோக்காரர் கவனித்துவிட்டார். உள்ளே நுழைந்ததும் “எந்த நாட்டுக்குங்க?” என்பதுதான் அவர் முதல் கேள்வி. வெள்ளைப் பின்புலம் வேண்டும், காது தெரிய வேண்டும், கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கக்கூடாது. வெள்ளைச் சட்டைதான் கொங்கு முதலாளியின் சீருடை என்பதால் வெள்ளைப் பின்புலத்தில் தோள் கரைந்துபோய்த் தலை மட்டும் மிதக்கும். இதற்காகவே ஸ்டுடியோவில் கறுப்புக் கோட்டு ஒன்று ஆணியில் தொங்குகிறது.

விண்ணப்பப் படிவம் நீண்டது. படிப்பு, வேலை, தாய் தந்தை விவரம், போய்வந்த நாடுகள் எல்லாம் கேட்கும். இடையில் திடீரென்று, துப்பாக்கி, வெடிமருந்து, அணு, உயிரியல், வேதியியல் துறைகளில் சிறப்புப் பயிற்சி உண்டா என்று ஒரு கேள்வி. கிணற்றுக்குத் தோட்டா வைத்துப் பாறை உடைத்தே வறட்சியைச் சமாளித்த ஊர்களில் இது நேர்மையானவரைச் சற்று யோசிக்க வைக்கும். இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அவர் திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டியை நினைத்துக்கொள்கிறார்.

தாள்கள் சேர்ந்ததும் பாஸ்போர்ட் புறப்படுகிறது. சீனாவுக்குச் சென்னையில் துணைத் தூதரகம் இல்லை. டில்லியில் தூதரகம், மும்பையிலும் கொல்கத்தாவிலும் துணைத் தூதரகங்கள், அவ்வளவுதான். நம் ஊர்ப் பாஸ்போர்ட்டுகள் வழக்கமாக டில்லிக்குப் போகின்றன. கோவையும் டில்லியும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன, இரண்டும் 77 பாகை கிழக்கை ஒட்டியே. எனவே 113 பாகை கிழக்கில் இருக்கும் குவாங்சௌவுக்குப் போக விரும்புகிறவரின் பாஸ்போர்ட், கிழக்கே ஓர் அங்குலம்கூட நகராமல், நேர் வடக்கே சுமார் 2,000 கிலோமீட்டர் போய், அதே வழியில் திரும்பி வருகிறது. அது வரும்வரை பாஸ்போர்ட்டின் சொந்தக்காரர் பீளமேட்டிலோ பல்லடத்திலோ போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். களத்தில் கேட்கப்படும் உரையாடல் பெரும்பாலும் இந்த வடிவில் இருக்கும்:

“ஏனுங்ணா, பாஸ்போர்ட் உள்ள போயிருச்சுங்களா?”

“போயிருச்சுங்க. புதன்கிழமை ஸ்டாம்பிங் ஆயிருமுங்க.”

“எந்தப் புதனுங்க?”

இந்த மூன்றாவது வரிக்கு இதுவரை விடை கிடைக்கவில்லை.

‘எந்தப் புதன்’ என்ற கேள்வி வெறும் குறும்பல்ல. நாள்காட்டிகளின் மோதலில் பிறந்தது. கேன்டன் ஃபேர் 1957 வசந்தத்தில் தொடங்கி ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. 2025 ஏப்ரலில் நடந்தது 137-ஆவது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்றுகூட விடுபடவில்லை. அந்த ஒரு கண்காட்சிக்கே 219 நாடுகள், பகுதிகளிலிருந்து 2.88 லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். இலையுதிர்காலக் கண்காட்சி அக்டோபர் 15-ல் தொடங்கும். அதற்கு முந்தைய வாரத்தில்தான் எல்லோருக்கும் விசா வேண்டும். அக்டோபர் முதல் வாரம் சீனாவுக்குத் தேசிய தின விடுமுறை. 2025-ல் அந்தத் தேசிய தினமான அக்டோபர் 1 அன்றே நமக்கு ஆயுத பூஜை. இங்கே மிஷினுக்குச் சந்தனம் பூசிப் பொரி வைத்துக் கொண்டிருந்த நேரத்தில், அந்த மிஷினைச் செய்த நாட்டில் கதவெல்லாம் சாத்தியிருந்தது. இயந்திரங்களுக்கான முதல் கட்டம் அக்டோபர் 19-ல் முடிந்தது. 20-ஆம் தேதி தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஊருக்கு வரவேண்டியவர் குவாங்சௌவிலிருந்து இரவோடிரவாகப் பறந்தார். ஜவுளிக்கான மூன்றாம் கட்டம் அக்டோபர் 31-ல். ஆகவே பனியன்காரர்கள் பலகாரம் தின்றுவிட்டுப் புறப்பட முடிந்தது. வரலாறு திருப்பூர் பக்கம் சாய்ந்த அரிதான தருணங்களில் இது ஒன்று.

எல்லாக் காலமும் இப்படிப் புதனோடு போகவில்லை. 2020-ல் கொரோனா வந்தது; எல்லையில் கல்வான் மோதலும் வந்தது. அந்த ஆண்டு ஜூனில் 127-ஆவது கேன்டன் ஃபேர் முழுக்க இணையத்தில் நடந்தது. விசாவே வேண்டாத கண்காட்சி. ஆனால் மிஷினைத் தட்டிப் பார்க்காமல், ஓடும்போது காது கொடுத்துக் கேட்காமல் பணம் கட்டுவது கொங்கு வழக்கம் இல்லை. நவம்பரில் சீனத் தூதரகம், ஏற்கெனவே செல்லுபடியாகும் விசா வைத்திருக்கும் இந்தியாவில் உள்ளவர்களும் வரக்கூடாது என்றது. 2021 மார்ச்சில், சீனத் தடுப்பூசி போட்டவர்களுக்கு வழி திறக்கும் என்ற அறிவிப்பு. இந்தியாவில் கிடைத்தது கோவிஷீல்டும் கோவாக்சினும். சீன ஊசி போட்டுக்கொள்ள இந்தியர் சிலர் பெட்டியோடு காட்மாண்டு ஆஸ்பத்திரிக்கே போய் வரிசையில் நின்றது அப்போது செய்தியானது. விசா ஆய்வு உடலியலுக்குள் நுழைந்த காலம் அது.

அந்த இடைவெளியில் சிரமப்பட்டவர்கள் வணிகர்கள் மட்டும் இல்லை. சீனாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் பலர், இரண்டரை ஆண்டு வீட்டிலிருந்து ஆன்லைனில் பாடம் கேட்டார்கள். 2022 ஆகஸ்டில்தான் அவர்களுக்கு விசா மறுபடி தொடங்கியது. எதிர்த்திசையிலும் அடைப்பு இருந்தது. சைனா மிஷின் கன்டெய்னரில் தூத்துக்குடிக்கு வந்து இறங்கிவிடும். அதைப் பொருத்திக் கொடுக்க வேண்டிய சைனா மெக்கானிக்குக்கு இந்திய விசா கிடைக்காது. வீடியோ காலில் அங்கிருந்து ஒருவர் கை காட்ட, இங்கே நம்ம ஊர் ஃபிட்டர் போல்ட் முறுக்கினார். ஒரு காலத்தில் பம்புசெட்டைப் பிரித்துப் பார்த்தே செய்யக் கற்ற வட்டாரம் என்பதால் பாதி மிஷின்கள் ஓடவும் செய்தன.

2025-ல் காற்று மாறியது. ஜனவரி 1 முதல் ஏப்ரல் 9 வரை இந்தியர்களுக்கு 85,000-க்கும் மேற்பட்ட விசா கொடுத்ததாகச் சீனத் தூதர் சூ ஃபெய்ஹோங் அறிவித்தார். குறுகிய காலப் பயணத்துக்குக் கைரேகையும் முன்பதிவும் வேண்டாம் என்றார்கள். ஜூலை 24 முதல் சீனர்களுக்கு இந்தியா சுற்றுலா விசாவைத் திறந்தது. அக்டோபர் 26 அன்று கொல்கத்தாவிலிருந்து குவாங்சௌவுக்கு நேரடி விமானம் பறந்தது. கோவையிலிருந்து போகிறவர் வழக்கம்போல் சிங்கப்பூர் வழியாகப் போகலாம். அந்த வழியில் ஒரு மனக்கசப்பு உண்டு. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற மைத்துனர் 2024 பிப்ரவரியிலிருந்து 30 நாளுக்கு விசாவே இல்லாமல் சீனா போகிறார்; மலேசிய மாமாவுக்கு விசா விலக்கு அதற்கும் முன்பே, 2023 டிசம்பரில், தொடங்கிவிட்டது. வழியில் இறங்கிப் பத்து நாள் சுற்ற 240 மணிநேர விலக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டவருக்கு உண்டு. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட மூன்று உறவினர்களில் ஒருவர் மட்டும் செர்ரியின் கடிதத்துக்குக் காத்திருக்கிறார்.

கயிலாய மலை போகிறவர்களையும் விட்டுவிட முடியாது. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் 2025 கோடையில் மானசரோவர் யாத்திரை மீண்டும் தொடங்கியது. அதற்கும் சீன விசா வேண்டும். கொங்கு நாட்டுக்கு இதில் ஒரு மாற்று ஏற்பாடு உண்டு. வெள்ளியங்கிரியைத் தென்கயிலாயம் என்பார்கள். ஏழு மலையும் ஏற மூங்கில் தடி போதும். கொண்டுபோகும் பிளாஸ்டிக் பாட்டிலை வனத்துறைக்காரர் எண்ணுவார், அதுதான் அங்கே குடியேற்றச் சோதனை.

ஆய்வின் முடிவுகளில் ஒன்று கோரிக்கையாகவே அமைகிறது. இவ்வளவு மிஷினும் நூலும் ஜிப்பும் வாங்கும் தமிழ்நாட்டுக்கு, சென்னையிலாவது ஒரு விசா விண்ணப்ப மையம் வைக்கலாம். அது வரும்வரை, வசந்தக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும். ஏப்ரல் 15-ல் தொடங்கும் முதல் கட்டம் மிஷின்காரர்களுக்கு, மே முதல் வாரத்து மூன்றாம் கட்டம் ஜவுளிக்காரர்களுக்கு. இரண்டுக்கும் பங்குனி பிறந்ததுமே கடிதம் கேட்டுவிடுங்கள். வந்ததும் பெயரைப் பாஸ்போர்ட்டோடு எழுத்தெண்ணி ஒத்துப்பாருங்கள். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். சீனர்கள் ஆண்டை முன்னால் எழுதுகிறவர்கள். முத்திரை சிவப்பாக, முழு வட்டமாக, தெளிவாக விழுந்திருக்க வேண்டும். மங்கலாக இருந்தால் அன்றைக்கே செர்ரிக்கு எழுதிவிடுங்கள்.